மழைப் பிற்பகலில் ஓர் ஆவியழைப்பு

முன்னுரை

தமிழ்த்துறை மலரில் ஆங்கிலத் திரைப்படம் ஒன்றைப் பற்றிய கட்டுரைக்கு இடம் உண்டா என்னும் வினா சிலருக்கு எழக்கூடும். நம் துறையிலேயே அவ்வினா எழுந்தது. இயல், இசை, நாடகம் எனத் தமிழை முத்திறமாக வகுத்த மரபில் வந்தவர் நாம். நாடகத்தின் இன்றைய வடிவமாகிய திரைப்படத்தை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, மாணவர் அதனைத் தாமே எவ்வாறேனும் பார்த்துக்கொள்ளட்டும் என விட்டுவிடுதல் முறையாகாது. திரைப்படத்தின்மீது நம் பெரியோர் கொண்டுள்ள ஐயம் காரணமற்றது என்றும் நாம் கூறமாட்டோம். கண்ணுக்குக் கேடும் காலத்துக்கு வீணும் விளைக்கும் படங்களே மிகுதி. அதனாற்றான் நல்லதொன்று கண்ணில் படும்பொழுது அதனை நல்லதென எடுத்துக்காட்டும் கடமை மிகுகின்றது.

தேடியதும் கிடைத்ததும்

இப்படத்தை நாம் தேடிச் சென்று காணவில்லை. வேறொன்றைத் தேடியபோது இது கிடைத்தது. 'காந்தி' என்னும் திரைப்படத்தைப் பற்றி மாணவர்க்குச் சில குறிப்புகள் தொகுத்துக்கொண்டிருந்தோம். 1982ஆம் ஆண்டு வெளிவந்து எட்டு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற அப்படத்தை இயக்கியவர் சர் ரிச்சர்டு அட்டன்பரோ (1923–2014). இயக்குநர் என்றே அவரை நாம் அறிந்திருந்தோம். சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' (1977) படத்தில் ஜெனரல் ஊட்ரம் என்னும் ஆங்கிலேய அதிகாரியாக அவர் தோன்றியதை மூத்த ஆசிரியர் ஒருவர் நினைவூட்டினார். 'ஜுராசிக் பார்க்' (1993) படத்தில் விலங்குப் பூங்காவைப் படைக்கும் வெண்தாடி முதியவர் அவரே என்பதை மாணவர் ஒருவர் சொன்னார். அங்ஙனமாயின் இளமையில் அவர் எத்தகைய நடிகராக இருந்தார் என அறியும் அவா எழுந்தது. அவர் நடித்த படங்களின் பட்டியலில், முன்பு கேட்டே இராத ஒரு பெயர் இருந்தது: 'சீயான்ஸ் ஆன் எ வெட் ஆஃப்டர்நூன்'. மழை பெய்து ஈரமான ஒரு பிற்பகலில் நிகழும் ஆவியழைப்பு என்பது அதன் பொருள்.

பெயரைக் கண்டதும் பேய்ப்படம் என்றே எண்ணினோம். ஆர்வமின்றியே பார்க்க அமர்ந்தோம். படம் முடிந்தபோது நம்முள் எவரும் சிறிது நேரம் பேசவில்லை. அந்த அமைதியின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படம் பிறந்த வரலாறு

இப்படம் 1964ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. மார்க் மெக்ஷேன் என்பார் எழுதிய புதினத்தைத் தழுவித் திரைக்கதை எழுதி இயக்கியவர் பிரையன் ஃபோர்ப்ஸ் (1926–2013). அட்டன்பரோவும் ஃபோர்ப்ஸும் நண்பர்கள். இருவரும் நடிகராய்த் தொடங்கியவர்கள். பெரு நிறுவனங்கள் தரும் வேடங்களில் நிறைவு காணாது, தாமே படமெடுக்கத் துணிந்தவர்கள். 'விசில் டவுன் த விண்ட்' (1961) என்னும் இவர்தம் முந்தைய படம் குழந்தைகளின் நம்பிக்கையைப் பொருளாகக் கொண்டது. நம்பிக்கை என்பது மனிதரை எங்கெல்லாம் கொண்டுசெல்லும் என்னும் வினா ஃபோர்ப்ஸை விடாது தொடர்ந்தது போலும்.

படம் கறுப்பு வெள்ளையில் அமைந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடுவது. ஒளிப்பதிவு ஜெரி டர்ப்பின். இசை ஜான் பேரி. ஜேம்ஸ் பாண்டு படங்களின் ஆரவார இசையால் உலகறிந்த அதே ஜான் பேரி, ஈண்டு அடக்கமே உருவாய் நிற்கின்றார். மழைத்துளி சொட்டுவது போன்ற மெல்லொலிகள் சில, அவ்வளவே.

கதைப் போக்கு

இலண்டன் புறநகரில் பழைய பெரிய வீடு ஒன்று. அங்கு மைரா சாவேஜ் என்பவளும் அவள் கணவன் பில்லியும் வாழ்கின்றனர். மைரா இறந்தோரின் ஆவியோடு பேசுபவள் எனத் தன்னை நம்புபவள். சிறு வட்டத்தினர் அவள் வீட்டில் கூடுவர், மெழுகுவத்தி எரியும், அவள் மயக்க நிலையடைந்து பேசுவாள். அவளுக்குத் துணைநிற்கும் ஆவி அவளுடைய மகன் ஆர்தர். பில்லி ஈளை நோயாளி. நிலையான வேலை இல்லாதவன். வீடும் மனைவிக்கு உரியது. வீட்டின் சொல்லும் மனைவிக்கே உரியது.

தன் ஆற்றலை உலகம் அறியவில்லை என்பது மைராவின் நெஞ்சை அரிக்கும் குறை. அதற்கு அவளே ஒரு வழி வகுக்கின்றாள். செல்வர் ஒருவரின் சிறுமகளைக் கவர்ந்து வந்து மறைத்து வைத்தல் வேண்டும். பெருந்தொகை கேட்டுப் பெறுதல் வேண்டும். பின்னர், குழந்தை இருக்குமிடத்தைத் தன் அகக்கண்ணால் கண்டதாக மைரா சொல்வாள். குழந்தையும் பணமும் மீளும். அவள் புகழ் பரவும். இதனை அவள் கடத்தல் என்று ஒருபோதும் கூறுவதில்லை. குழந்தையைச் சில நாள் 'கடன் வாங்குகிறோம்' என்பதே அவள் சொல். கொடுஞ்செயலுக்கு மென்மையான பெயரிட்டுவிட்டால் மனம் உறுத்தாது என்னும் மானிட இயல்பை இவ்வொரு சொல் காட்டிவிடுகின்றது.

பில்லி குழந்தையைக் கவர்ந்து வருகின்றான். வீட்டின் ஓர் அறை மருத்துவமனை அறைபோல் மாற்றப்பட்டுள்ளது. மைரா செவிலியாகின்றாள். நோயுற்று மருத்துவமனையில் இருப்பதாகக் குழந்தை அமண்டா நம்பவைக்கப்படுகின்றாள். அச்சிறுமி அழுது பணியும் குழந்தையல்லள். செல்வ வீட்டுப் பிள்ளைக்குரிய மிடுக்குடன் வினா எழுப்புகின்றாள். குற்றம் செய்தோர் குழந்தையின் முன் தடுமாறும் காட்சிகளில் நமக்கு நகையும் அச்சமும் ஒருங்கே தோன்றுகின்றன.

மைரா குழந்தையின் பெற்றோரைத் தேடிச் செல்கின்றாள். தந்தை அவளை விரட்ட முற்படுகின்றார். தாயோ நம்பத் தலைப்படுகின்றாள். ஆவியழைப்பு அமர்வுக்கும் அத்தாய் வருகின்றாள். தாய் ஓர் அறையில் கண்ணீரோடு அமர்ந்திருக்கின்றாள். அவள் தேடும் மகளோ அதே வீட்டின் மற்றோர் அறையில் இருக்கின்றாள். இடையே இருப்பது ஒரு சுவர். குழந்தை குரலெழுப்பாதபடி பில்லி காக்க வேண்டும். இக்காட்சியில் மூச்சு விடாமல் இருப்பவன் பில்லி மட்டுமல்லன், பார்க்கும் நாமும்தான்.

நாளடைவில் மைராவின் திட்டம் மாறுகின்றது. ஆர்தருக்குத் துணை வேண்டுமாம். அமண்டா அவனிடம் போக வேண்டுமாம். குழந்தையைத் திருப்பித் தருவதாகத் தொடங்கியது குழந்தையைக் கொல்வதில் வந்து நிற்கின்றது. அந்தச் செயலும் பில்லியின் தலையிலேயே சுமத்தப்படுகின்றது. வாழ்நாள் முழுதும் மனைவியின் சொல்லை மறுத்தறியாத அவன் என் செய்தான் என்பதே படத்தின் உயிர்நிலை. அவன் குழந்தையைக் கொல்லவில்லை. பிறர் கண்டெடுக்கும் வண்ணம் காட்டில் விட்டுவிட்டு வருகின்றான். இறுதியில் காவல் அதிகாரிகள் முன்னிலையில் மைரா மீண்டும் ஒருமுறை மயக்க நிலையடைகின்றாள். அப்போது அவள் வாயினின்றே உண்மை வெளிப்படுகின்றது. அவள் வேண்டிய மெய்யான ஆவியழைப்பு அன்றுதான் நிகழ்ந்ததா, அன்றி அவள் உள்ளம் பாரம் தாளாது உடைந்ததா என்பதைப் படம் சொல்லாமலே விடுகின்றது.

ஆவியழைப்பு: ஒரு விளக்கம்

இக்கதையை நன்குணர, மேலைநாட்டில் ஆவியழைப்பு பரவிய வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். 1848ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஃபாக்ஸ் என்னும் குடும்பத்துச் சகோதரிகள், தட்டும் ஒலிகளால் இறந்தோர் தம்மோடு பேசுவதாகக் கூறினர். அங்கிருந்து இவ்வழக்கம் கடல் கடந்தது. அச்சகோதரியருள் ஒருவரான மார்கரெட், 1888இல் மக்கள் முன்னிலையில், அவ்வொலிகள் தம் கால்விரல் மூட்டுகளால் எழுப்பப்பட்டவை என ஒப்புக்கொண்டார். ஆயினும் வழக்கம் ஓயவில்லை.

முதல் உலகப் போர் ஐரோப்பிய இல்லங்களில் இலட்சக்கணக்கான இளைஞரைப் பலிகொண்டது. மைந்தரை இழந்த பெற்றோர், அவர்தம் குரலை ஒருமுறையேனும் கேட்க ஏங்கினர். ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில், போரில் காயமுற்ற தம் மகனை 1918இல் நோய்க்குப் பறிகொடுத்தவர். பகுத்தறிவே உருவான ஒரு பாத்திரத்தைப் படைத்த அவரே ஆவியியலின் பெரும் பரப்பாளராக விளங்கினார். மாயவித்தைக் கலைஞரான ஹூடினியோ, தம் தொழில் நுணுக்கங்களைக் கொண்டே போலி ஆவியழைப்பாளர் பலரை வெளிப்படுத்தினார்.

சட்டமும் இதில் தலையிட்டது. 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டத்தின்கீழ் 1944இல் ஹெலன் டங்கன் என்னும் ஆவியழைப்பாளர் சிறைப்படுத்தப்பட்டார். அப்பழஞ்சட்டம் 1951இல் நீக்கப்பட்டு, போலி ஆவியழைப்பாளர் பற்றிய புதிய சட்டம் இயற்றப்பட்டது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்தே இப்படம் வந்தது. ஆதலின் இலண்டன் மக்களுக்கு மைரா புதியவளல்லள். அடுத்த தெருவில் காணத்தக்கவள்.

நமக்கும் இஃது அந்நியமானதன்று. சங்க அக இலக்கியத்தில் தலைவியின் மெலிவு கண்ட தாய், வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பாள். வேலன் முருகணங்கு எனக் காரணம் சொல்வான். உண்மைக் காரணமோ தலைவியின் நெஞ்சில் உறைவது. வெளியே தேடப்படும் காரணம் உள்ளேயே இருப்பதைப் புலவர் நுட்பமாகக் காட்டுவர். குறி கேட்டலும், மை போட்டுப் பார்த்தலும், தாயத்துக் கட்டுதலும் இன்றளவும் எல்லாச் சமயத்தார் இல்லங்களிலும் எங்கோ ஒரு மூலையில் நிலவுகின்றன. அவற்றைக் கண்டித்தல் எளிது. அவற்றைத் தேடிச் செல்வோரின் துயரம் யாது எனக் கேட்டலே அரிது. இப்படம் அந்த அரிய வினாவைக் கேட்கின்றது.

அச்சம் பிறக்கும் இடம்

உளவியல் திகிற்படம் என்று இதனை வகைப்படுத்துவர். திகிற்படங்கள் இருவகையின. ஒன்று, வெளியே நிற்கும் கொடியவனால் நம்மை அச்சுறுத்துவது. மற்றொன்று, மனித உள்ளத்துக்குள்ளேயே கொடுமை முளைத்து வளர்வதைக் காட்டி அச்சுறுத்துவது. பின்னதே உளவியல் திகிற்படம். இங்கே இருட்டில் பாயும் உருவமில்லை, குருதி இல்லை, கத்தி இல்லை. அன்புமொழி பேசும் மனைவி ஒருத்தி தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்திருக்கின்றாள். நாம் நடுங்குகின்றோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறத்தற்கு நான்கு நிலைக்களன்கள் கூறுவார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இவற்றுள் விலங்கு ஒழிந்த மூன்றும் இப்படத்தில் உள. ஆவி என்னும் அணங்கு உண்டு. குழந்தையைக் கவரும் கள்வர் உண்டு. அரசின் காவல் என்னும் இறை உண்டு. ஆயின் ஒரு வேறுபாடு. கள்வரைக் கண்டு பிறர் அஞ்சுவதே இயல்பு. ஈண்டோ கள்வனாகிய பில்லியே யாவரினும் மிகுதியாக அஞ்சுகின்றான். நாமும் அவனைக் கண்டு அஞ்சாது, அவன்பொருட்டு அஞ்சுகின்றோம்.

அழுகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. மைராவின் வாழ்வை ஆராயின், மகனை இழந்த இழவும், உலகம் மதியாத இளிவும், முன்னைய நிலையினின்று தாழ்ந்த அசைவும் அங்கே குவிந்திருத்தலைக் காணலாம். எனவே இப்படத்தில் அச்சம் என்னும் மெய்ப்பாடு, அழுகை என்னும் மெய்ப்பாட்டினின்று கிளைத்தது எனலாம். அழுது தீர்க்கப்பட வேண்டியது அழப்படாமல் நின்று, அச்சமாக உருமாறிவிட்டது. மேலைநாட்டுத் திரைப்படம் ஒன்றை விளக்க நம் இலக்கணம் இவ்வளவு துணைநிற்றல் கண்டு நாமே வியந்தோம்.

இருவர் நடிப்பு

மெய்யின்கண் படுவது மெய்ப்பாடு. உள்ளத்து உணர்வு உடலில் தோன்றுதலே நடிப்பின் இலக்கணம். இப்படத்தின் பெருமை முழுதும் இரு நடிகரின் மெய்யில் அடங்கியுள்ளது.

மைராவாக நடித்தவர் கிம் ஸ்டான்லி (1925–2001) என்னும் அமெரிக்க நாடக நடிகை. 'பிக்னிக்' (1953), 'பஸ் ஸ்டாப்' (1955) முதலிய நாடகங்களால் நியூயார்க் மேடையில் பெரும்புகழ் பெற்றவர். பாத்திரத்தின் உள்ளத்தைத் தன் நினைவுகளால் நிரப்பி நடிக்கப் பயிற்றும் 'ஆக்டர்ஸ் ஸ்டுடியோ' என்னும் நடிப்புக் கூடத்தைச் சார்ந்தவர். அவர் நடித்த திரைப்படங்கள் மிகச் சிலவே.

பித்துற்றவளாக நடிப்போர் கண்களை உருட்டுவர், குரலை உயர்த்துவர், கூந்தலை அவிழ்ப்பர். கிம் ஸ்டான்லி இவற்றில் ஒன்றையும் நாடவில்லை. அவர் குரல் தாழ்ந்தே ஒலிக்கின்றது. கணவனிடம் பேசும்போது அதில் ஒரு தாயின் கனிவு இருக்கின்றது. அக்கனிவின் நடுவே ஒரு சொல் மட்டும் கூர்மையாக வந்து விழும். அடுத்த நொடி மீண்டும் கனிவு. கணவன் எதிர்த்துப் பேச முயன்றால், அவள் சினப்பதில்லை, புண்பட்டவளாகின்றாள். சினத்துக்கு மறுமொழி கூறலாம். புண்பட்ட முகத்துக்கு என்ன மறுமொழி உண்டு? இவ்வாறுதான் அவள் அவனை ஆள்கின்றாள். அவள் பொய் சொல்கின்றாளா, தன் பொய்யைத் தானே நம்புகின்றாளா என்பதைப் படம் முழுதும் நம்மால் தீர்மானிக்க முடிவதில்லை. இரண்டும் ஒரே முகத்தில் ஒரே நேரத்தில் இருக்கின்றன. ஒரு புலவன் சிலேடையில் இரு பொருளை ஒரு சொல்லில் அடக்குவது போல, இந்நடிகை இரு உண்மைகளை ஒரு பார்வையில் அடக்கியுள்ளார்.

பில்லியாக நடித்த அட்டன்பரோவின் அருமை வேறு வகையினது. 'பிரைட்டன் ராக்' (1947) என்னும் படத்தில் இரக்கமற்ற இளங்குற்றவாளியாக நடித்துப் பெயர்பெற்றவர் அவர். இப்படத்துக்காகச் செயற்கை மூக்கு ஒன்றைப் பொருத்திக்கொண்டு, தம் முகத்தையே மாற்றிக்கொண்டார். ஆயினும் அவரை மாற்றியது அம்மூக்கு அன்று, அவர் தோள்களே. எப்போதும் அடி விழும் என எதிர்பார்ப்பவன் போல அவர் தோள்கள் சுருங்கியுள்ளன. வாசலில் நிற்கும்போதும், இந்த வீட்டில் நிற்க எனக்கு உரிமை உண்டா என்பது போன்ற நிலை. அவருக்கு வசனம் குறைவு. மனைவி பேசுவாள், அவர் கேட்பார். கேட்டல் என்பதே நடிப்பின் மிகக் கடினமான பகுதி என்பதை நாடகத்தில் பழகிய மாணவர் அறிவர்.

பணத்தைப் பெற்றுக்கொள்ளும் காட்சி இலண்டன் சுரங்க இரயில் நிலையத்துக் கூட்ட நெரிசலில் நிகழ்கின்றது. தன் வாழ்நாளில் ஒரு வரிசையிற்கூட முந்திச் சென்றிராத ஒருவன் கொள்ளைக்காரனாக ஓடுவதை அங்குக் காண்கின்றோம். அவன் பிடிபட வேண்டும் என நம் அறிவு சொல்கின்றது. தப்பிவிட வேண்டுமே என நெஞ்சு துடிக்கின்றது. குற்றவாளியின் பக்கம் நம்மை அறியாமல் சாயவைத்து, பின்னர் அதற்காக நம்மையே நாணவைப்பது சிறந்த கலைஞரால் மட்டுமே இயலும்.

கிம் ஸ்டான்லி இப்படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அவ்வாண்டு விருது 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் நடித்த ஜூலி ஆண்ட்ரூசுக்குச் சென்றது. நியூயார்க் திரைத் திறனாய்வாளர் வட்டம் கிம் ஸ்டான்லியையே அவ்வாண்டின் சிறந்த நடிகையாகத் தேர்ந்தது. அட்டன்பரோவுக்கு, இப்படத்தையும் 'கன்ஸ் அட் பட்டாசி' என்னும் மற்றொரு படத்தையும் சேர்த்து, பிரிட்டிஷ் திரைக் கழகத்தின் சிறந்த நடிகர் விருது கிட்டியது.

இருவர் மயக்கம்

ஒருவர் உள்ளத்தில் தோன்றும் பித்து, அவரோடு நெருங்கி வாழும் மற்றொருவரையும் பற்றிக்கொள்ளுதல் உண்டு. 1877ஆம் ஆண்டில் லாசேக், ஃபால்ரே என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் இதனை விரிவாக ஆராய்ந்து 'இருவர் பித்து' எனப் பெயரிட்டனர். வலிய உள்ளம் ஒன்று. அதனைச் சார்ந்து வாழும் மெலிய உள்ளம் ஒன்று. புறவுலகத் தொடர்பு குறைந்த வாழ்க்கை. இம்மூன்றும் கூடின் இந்நிலை தோன்றும் என்பர். சாவேஜ் இணையரின் வீட்டில் இம்மூன்றும் உள.

ஆயினும் பில்லி முழுதும் மயங்கியவன் அல்லன். ஆர்தர் என்றொரு மகன் வளர்ந்ததில்லை. அவன் இறந்தே பிறந்தவன் என்பதை அவன் அறிவான். அறிந்தும் ஆண்டுக்கணக்கில் ஆர்தர் பேசுவதாக மனைவியோடு சேர்ந்து நம்புவது போல் வாழ்ந்திருக்கின்றான். ஏன்? அவள் நெஞ்சு உடைந்துவிடக் கூடாது என்னும் அன்பினால். இதுவே படம் நம்முன் வைக்கும் வினா. அன்புடையார் தவறு செய்யும்போது, அவர் மனம் நோகாதிருக்க நாம் காக்கும் மௌனம் அன்பாகுமா? பில்லி முதல் நாளிலேயே மெல்ல மறுத்திருந்தால் இறுதி நாளில் ஒரு குழந்தையின் உயிர் அவன் கையில் ஊசலாடியிராது. சிறு பொய்களுக்கு இசைந்த அன்பு, பெருங்கொடுமைக்கும் இசையுமாறு அழைக்கப்படும். அந்த அழைப்பு வந்தபோது பில்லி ஒருமுறை மறுத்தான். காலம் கடந்த மறுப்பே எனினும் ஓர் உயிர் பிழைத்தது.

பேசப்படாத துயரம்

மைராவின் பித்துக்கு வேர் எது? இறந்து பிறந்த குழந்தை. அக்காலத்து இங்கிலாந்து மருத்துவமனைகளில், இறந்து பிறந்த குழந்தையைத் தாய்க்குக் காட்டாமலே எடுத்துச் செல்லுதல் பரவலான வழக்கமாக இருந்தது. மறந்துவிடு; அடுத்த குழந்தை பிறக்கும் எனத் தாய்க்கு அறிவுரை கூறப்பட்டது. தாயின் கையில் குழந்தையைத் தந்து விடைபெறச் செய்தல் நலம் பயக்கும் என்னும் கருத்து பிற்காலத்தேதான் அங்கு வலுப்பெற்றது. 1964ஆம் ஆண்டில் வந்த இப்படம், மறக்கச் சொல்லப்பட்ட ஒரு தாய் மறக்காமற்போனால் என்னாகும் என்பதைக் காட்டுகின்றது.

இப்பகுதியைப் பார்த்தபோது எம் குடும்பத்துப் பெரியம்மா ஒருவர் நினைவுக்கு வந்தார். அவருடைய தலைப்பிள்ளை பிறந்த அன்றே இறந்தது. பின்னர் நான்கு பிள்ளைகள் பிறந்து நன்றாக வாழ்ந்தனர். அந்த முதற்பிள்ளையைப் பற்றி வீட்டில் எவரும் பேசியதில்லை. பேசினால் அவர் வருந்துவார் என எண்ணினோம். அவர் எழுபதைக் கடந்த பின், ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே, எவரும் கேளாமலே, "மூத்தவன் இருந்திருந்தா இந்த மாசம் அம்பது முடிஞ்சிருக்கும்" என்றார். அவ்வளவே, மீண்டும் புடைக்கத் தொடங்கினார். ஐம்பது ஆண்டுகள் அவர் மாதம் தவறாமல் எண்ணிக்கொண்டிருந்திருக்கின்றார். நாம் மறந்துவிட்டார் என எண்ணிக்கொண்டிருந்தோம். அவர் மைராவைப் போல் வழி தவறவில்லை. இறை நம்பிக்கையும் உறவினர் சூழ்ந்த வீடும் அவரைத் தாங்கின. எனினும் அவரிடம் ஒருமுறையேனும் அப்பிள்ளையின் பெயரைக் கேட்டிருக்கலாமே என்னும் எண்ணம் இன்றும் எம்மை விட்டு நீங்கவில்லை. இனிக் கேட்க இயலாது.

ஏன் கவனிக்கப்படவில்லை?

இத்தகைய படம் ஏன் பரவலாக அறியப்படவில்லை? காரணங்கள் சில கூறலாம். பெயர் நீண்டது, நாவில் எளிதில் நில்லாது. அதே ஆண்டில் 'மை ஃபேர் லேடி', 'மேரி பாப்பின்ஸ்' முதலிய வண்ணப் படங்கள் உலகைக் கவர்ந்தன. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) வந்தபின், திகிற்படம் எனின் அதிர்ச்சி வேண்டும் என மக்கள் எதிர்பார்த்தனர். இப்படமோ மெல்ல நடப்பது. வணிக நிலையிலும் இது பெருவெற்றி பெற்றதன்று. கிம் ஸ்டான்லி அடுத்தடுத்துத் திரையில் தோன்றியிருந்தால் இப்படமும் நினைவில் நின்றிருக்கும். அவர் 1965இல் இலண்டனில் செக்காவின் 'மூன்று சகோதரிகள்' நாடகத்தில் நடித்தார். அந்நாடகம் ஆங்குக் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. அதன்பின் பெருமேடைகளினின்று அவர் விலகிவிட்டார். பின்னாளில் நடிப்புப் பயிற்றும் ஆசிரியரானார். 'ஃபிரான்செஸ்' (1982) படத்துக்காக மீண்டும் ஒருமுறை ஆஸ்கார் பரிந்துரை பெற்றார்.

எனினும் கலைஞர்கள் இப்படைப்பை மறக்கவில்லை. ஜப்பானிய இயக்குநர் கியோஷி குரோசாவா இதே புதினத்தைத் தழுவி 2000ஆம் ஆண்டில் 'கோரெய்' என்னும் படத்தை எடுத்தார். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் இக்கதையை இசை நாடகமாக்கி 2009இல் அரங்கேற்றினார். நல்ல வித்து எங்கேனும் முளைத்தே தீரும்.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால், 'சீயான்ஸ் ஆன் எ வெட் ஆஃப்டர்நூன்' என்னும் படம் அச்சமூட்டும் கதையாக மட்டும் நில்லாமல், துயரத்தையும் அன்பையும் மௌனத்தையும் ஆராயும் ஒரு படைப்பு என்பது விளங்கும். மாணவர்கள் இதனைக் காணும் வாய்ப்புக் கிட்டின், கதையை ஒருமுறையும் நடிப்பை மறுமுறையும் காண்க. இரண்டாம் முறை மைரா பேசும்போது பில்லியின் முகத்தையே நோக்குக. ஒரு சொல்லும் பேசாத அம்முகத்தில் முழுக்கதையும் எழுதப்பட்டிருத்தலைக் காண்பீர்கள்.

பெரியோர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் இல்லத்தில் எவரும் பெயர் சொல்லாத ஒரு துயரம் இருக்குமாயின், அதனை உரிய ஒருவரிடம் ஒருமுறை மெல்லக் கேளுங்கள். அவர் மறந்துவிட்டார் என எண்ணவேண்டா. எண்ணிக்கொண்டிருப்பவர் அவராக இருக்கலாம்.